எங்கம்மாவோட பத்லி நான்தான்

நீங்க என்னிக்காவது வேணும்னே பாத்திரத்த மோசமா வெளக்கியிருக்கீங்களா? சோம்பேறித்தனத்துல இல்ல, தெரியாமயும் இல்ல. பிளான் போட்டு, கப்போட காதுகிட்ட ஒட்டியிருக்கற டீ கறைய பாத்து "நீ இங்கயே இரு செல்லம்"னு விட்டுட்டு வந்திருக்கீங்களா?

நான் செஞ்சிருக்கேன். ஒரு வாரம் அதான் என் டியூட்டி. ஆர்டர் போட்டது எங்கம்மா.

எங்கம்மா பெங்களூர்ல தொம்மலூர் பக்கத்துல ஒரு அபார்ட்மென்ட்ல, ஆறாவது மாடில ஒரு வீட்ல வேலை செய்யுது. காலைல எட்டரைக்கு போனா சாயங்காலம் அஞ்சுக்கு தான் வரும். அங்க மூணு வயசுல ஒரு பாப்பா. அத பாத்துக்கணும், சோறு ஊட்டணும், தூங்க வெக்கணும், அது தூங்குற கேப்ல பாத்திரம் வெளக்கணும். பாப்பாவோட அம்மாவ நாங்க மேடம்னு சொல்லுவோம். கோயம்புத்தூர்காரங்க, ஐடி. பாப்பாவோட அப்பாவும் ஐடி தான். அவரோட மூஞ்சிய விட ஹெட்ஃபோன தான் நான் அதிகமா பாத்திருக்கேன்.

நான் பிசிஏ முடிச்சு, ஒரு கம்பெனில ஆஃபர் லெட்டரும் வாங்கிட்டேன். ஜாயினிங் தேதி மட்டும் மூணு தடவ தள்ளிப் போயிருச்சு. அதனால தெருவுல யாரு கேட்டாலும் "பையன் ஐடி"ன்னு அம்மா சொல்லும். "எந்த ஆபீஸ்"னு கேட்டா மட்டும் அதுக்கு திடீர்னு குக்கர் ஞாபகம் வந்துரும்.

இந்த மழ சீசன்ல அம்மாவுக்கு சிக்குன்குனியா வந்துச்சு. காய்ச்சல் மூணு நாள்ல எறங்கிருச்சு, மூட்டு வலி எறங்கல. மணிக்கட்டு ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிருச்சு. நடக்கறப்ப ஒவ்வொரு காலா தூக்கி யோசிச்சு வெக்கும், கொக்கு குளத்துல எறங்கற மாதிரி. நான் சிரிச்சேன். செருப்ப தூக்கி அடிக்க பாத்துச்சு, கை வரல. அதுக்கும் சிரிச்சேன். ஆமா, நான் அவ்ளோ நல்லவன்லாம் இல்ல.

டாக்டர் ரெண்டு வாரம் ரெஸ்ட்ன்னு சொல்லிட்டாரு. அம்மா அவர பாத்த பார்வை இருக்கே, அவரு ரெண்டு வருஷம் ஜெயில்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

ஏன்னா எங்க ஏரியால வீட்டு வேலைக்கு போறவங்களுக்கு ஒரு ரூல் இருக்கு. எங்கயும் எழுதி வெக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். உனக்கு ஒடம்பு முடியலன்னா பத்லி அனுப்பணும். பத்லின்னா உனக்கு பதிலா போயி உன் வேலைய செய்யற ஆளு. பத்லி அனுப்பலன்னா அவங்களே வேற ஆள தேடிப்பாங்க, வீடு போயிரும். அனுப்பினா தப்பிச்சேன்னு நெனக்காதீங்க. அந்த பத்லி உன்ன விட நல்லா வேல செஞ்சிட்டான்னு வை, அப்பவும் வீடு போயிரும்.

அம்மாவுக்கு இது நல்லாவே தெரியும். ஏன்னா அது அந்த வீட்டுக்கு போனதே பத்லியா தான். அதுக்கு முன்னாடி அங்க வேல செஞ்சது இன்னொரு அக்கா. அந்தக்காவுக்கு ஒடம்பு முடியாம போயி, நாலு நாளுக்கு அம்மாவ அனுப்பிச்சு. நாலே நாள்ல பாப்பா அம்மா இடுப்புல ஏறி உக்காந்து எறங்க மாட்டேன்னுருச்சு. மேடம் அம்மாவயே வெச்சிக்கிட்டாங்க. அந்தக்கா திரும்பி வந்தப்ப வீடு இல்ல. அப்புறம் அதே ஆறாவது மாடில, நேர் எதிர் வீட்ல வேல கெடச்சு சேந்துருச்சு. அன்னிலேந்து ரெண்டு பேரும் டெய்லி ஒரே லிஃப்ட்ல தான் ஏறுவாங்க. ஆறு மாடிக்கும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க. ஒன்னு மேல பாக்கும், ஒன்னு கீழ பாக்கும்.

அம்மா படுத்த மறுநாளே அந்த எதிர் வீட்டு அக்கா எங்க வீட்டுக்கு வந்துச்சு. கைல ரெண்டு ஆப்பிள்.

"நீ நல்லா ரெஸ்ட் எடுக்கா. ஒன்னியும் யோசிக்காத. மேடத்து வீட்ட நான் பாத்துக்கறேன். எதிர் வீடு தானே, எனக்கென்ன கஷ்டம்?"

அம்மா சிரிச்சுச்சு. பல்லு மட்டும்.

அது போனதும் அம்மா ஆப்பிள கட்டில்லேந்து தள்ளி வெக்க சொல்லுச்சு, என்னமோ அதுக்குள்ள ஒட்டு கேக்கற மிஷின் இருக்கற மாதிரி. "பாத்தியாடா? என் வீட்ட எங்கிட்டயே கேக்க வந்திருக்கா."

"ம்மா, அது முன்னாடி அவங்க வீடு தானே?"

"நீ எந்தக் கட்சி?"

அப்புறம் அம்மா படுத்துகிட்டே இன்டர்வியூ நடத்துச்சு. கேண்டிடேட் யாரும் வரல, பேரு மட்டும் தான். சித்தி? "வேணா, அவ கை சுத்தம் ஜாஸ்தி." மூலை வீட்டு பொண்ணு? "ஐயோ, அது பாட்டு வேற பாடும், பாப்பா மயங்கிரும்." சர்ச் பக்கத்துல இருக்கற அக்கா? "அவ இட்லி சாப்டிருக்கியா? அப்டியே பஞ்சு. வேணவே வேணா." நல்ல குணம் இருக்கற ஒவ்வொருத்தரா ரிஜெக்ட் ஆகிட்டே வந்தாங்க. கடைசில அம்மா கண்ணு மெதுவா எங்கிட்ட வந்து நின்னுச்சு.

"நீ போ."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"அதான்டா. இந்த ஏரியாலயே உன்ன மாதிரி ஒரு தண்டம் இல்ல. ரெண்டு நாள் உன்ன பாத்தா போதும், மேடம் என்ன நெனச்சு அழுவாங்க."

வாழ்க்கைல முதல் தடவையா ஒரு இன்டர்வியூல ஒரே ரவுண்ட்ல செலக்ட் ஆனேன்.

*

திங்கக்கெழம காலைல கேட்ல நின்னேன். அந்த அபார்ட்மென்ட்ல வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு ஆப் இருக்கு. போட்டோ எடுத்து, நம்பர் குடுத்து, எந்த வீடு, என்ன வேலன்னு போடணும். செக்யூரிட்டி அண்ணா என் தாடிய பாத்தாரு, லிஸ்ட பாத்தாரு, திரும்ப தாடிய பாத்தாரு.

"டிரைவரா?"

"இல்லண்ணா."

"பிளம்பரா?"

"நானிண்ணா."

அவரு மூணாவது தடவயா தாடிய பாத்தாரு. அப்புறம் டக்குனு ஒரு கிளிக். என் போட்டோவுக்கு கீழ "நானி"ன்னு, அதாவது கொழந்தைய பாத்துக்கற ஆயான்னு, வந்துச்சு. அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபிரெண்ட்ஸ் குரூப்ல போட்டதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் என்ன பேரு சொல்லி கூப்புடல.

முதல் நாள் நடிக்க வேண்டிய அவசியமே வரல. நான் இயற்கையாவே கேவலம். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுச்சு. பாப்பாவுக்கு டயப்பர திருப்பி மாட்டிட்டேன், அது ஆதி மனுஷன் மாதிரி சுத்திச்சு. தோசக்கல்ல சோப்பு போட்டு தேச்சு, கம்பி நாரால பளபளன்னு ஆக்கிட்டேன். மேடம் அத கைல எடுத்து பாத்துட்டு நெஞ்சுல கை வெச்சாங்க.

"தம்பி... இது நாலு வருசமா பழக்கின கல்லுங்க தம்பி. இனி தோசையே எடுக்க வராது."

"சாரி மேடம். கருப்பா இருந்துச்சேன்னு..."

"அது கருப்பா தானுங்க இருக்கோணும்!"

சாயங்காலம் அம்மாகிட்ட தோசக்கல் மேட்டர சொன்னேன். சிக்குன்குனியா வந்ததுலேந்து முதல் தடவ அது மூஞ்சில ஒரு ஒளி. "என் ராசா"ன்னு சொல்லுச்சு. டிகிரி வாங்கினப்ப கூட சொல்லாத வார்த்த.

ரெண்டாவது நாள் தான் சனி புடிச்சுச்சு. பாப்பா சாப்பாட்டு விஷயத்துல பயங்கர வில்லி. அம்மா லிஃப்ட் வெளையாட்டு வெளையாடி தான் ஊட்டும். முதல் வாய் கிரவுண்ட் ஃப்ளோர், அடுத்தது ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னு ஏத்தும். மூணாவது மாடியோட பாப்பா எறங்கிரும், ஒன்ற இட்லிக்கு மேல போனதே இல்ல. எனக்கு அதெல்லாம் தெரியாது. போரடிச்சு, சும்னே கிரிக்கெட் கமென்ட்ரி குடுத்தேன்.

"பவுலர் ஓடி வர்றாரு... கைல இட்லி... சாம்பார்ல முக்கி ஒரு யார்க்கர்... வாய தொறந்தாங்களா? தொறந்துட்டாங்க! போல்டு!"

பாப்பா கை தட்டுச்சு. "அயின்!" அதாவது அகெய்ன். நான் திரும்ப ஓடி வந்தேன், நெஜமாவே ஹாலோட அந்த மூலைலேந்து. அஞ்சு ஓவர்ல நாலு இட்லி காலி. மேடம் லேப்டாப்ல மீட்டிங்க ம்யூட் பண்ணிட்டு எட்டி பாத்தாங்க. சார் முதல் தடவையா ஹெட்ஃபோன கழட்டினாரு. அவருக்கும் காது இருக்கு.

வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னேன், லூசு மாதிரி.

"எத்தன இட்லி?"

"நாலும்மா!"

அம்மா ஃபேன பாத்துச்சு. "எங்கிட்ட ஒன்ற தான்"னு சொல்லுச்சு. அப்புறம் எழுந்து உக்காந்துச்சு. "தோ பாரு. நாளைலேந்து ரெண்டுக்கு மேல ஊட்டாத. கத்தாத. ஓடாத. டல்லா இரு."

"கொழந்த பசியா இருந்தா?"

"பாலு குடு. புகழ் வாங்காத."

அன்னிலேந்து தெனமும் காலைல டிரெய்னிங். நல்லா செய்யறதுக்கு டிரெய்னிங் குடுக்கற அம்மாவ நெறைய பாத்திருப்பீங்க. எங்கம்மா கேவலமா செய்யறதுக்கு குடுத்துச்சு. ஸ்பூனெல்லாம் தலகீழா வை. டீ கப்பு காதுல கறைய விட்டுரு. பெருக்கறப்ப சோபாவுக்கு அடில போகாத. டப்பா மூடிய மாத்தி மாத்தி போடு, மொளகாத்தூள் டப்பாவுக்கு சக்கர மூடி. என்னா மூள! இந்த மூளைய எந்த கம்பெனியாவது எடுத்திருந்தா அவங்க எதிரி கம்பெனி எல்லாம் இழுத்து மூடியிருக்கணும்.

வியாழக்கெழம பெரிய மிஷன். "கண்ணாடி அலமாரில, பின்னாடி, நீல பூ போட்ட ஒரு கப்பு இருக்கு. மேடம் அத எடுக்கவே மாட்டாங்க, அவ்ளோ பத்திரம். அத ஒடைச்சிரு."

"ம்மா, அது பாவம்மா."

"கை தவறி தானே. நீ தண்டம் தானே. தண்டத்துக்கு கை தவறும்."

ஒடைச்சேன். சத்தம் நல்லா வரணும்னு கொஞ்சம் ஒசரத்துலேந்து போட்டேன். மேடம் ஓடி வந்தாங்க. கீழ பாத்தாங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன். கதவு மூடற சத்தம் கேட்டுச்சு. தொறந்து பாத்தா, கிச்சன் கதவ சாத்திட்டு மேடம் எம்பக்கம் குனிஞ்சு குசுகுசுன்னு பேசறாங்க.

"தம்பி, இது எங்க மாமியா குடுத்ததுங்க. ஆறு கப்பு செட்டு. வீடியோ கால் வந்தா ‘அந்த கப்பு எங்க, காட்டு'ம்பாங்க. நானும் மூணு வருசமா யாராச்சும் ஒடைப்பாங்களான்னு பாக்கறேன். உங்கம்மா கை பட்டு ஒரு கீறல் விழுகோணுமே! ஒவ்வொன்னா எப்பிடியோ போயி, இதொன்னுதான் உசுரோட இருந்துச்சு." அப்புறம் ஹால் பக்கம் திரும்பி சத்தமா, "ஐயோ! அத்த குடுத்த கப்பு ஒடைஞ்சிருச்சுங்க!"ன்னு கத்தினாங்க. சார் "ம்யூட்ல இருக்கியா பாரு"ன்னு பதில் சொன்னாரு. எனக்கு ஒரு சாக்லேட் கெடச்சுது.

அந்த சாக்லேட்ட வீட்டுக்கு வர்ற வழிலயே தின்னு, கவர பஸ் ஸ்டாப்புல போட்டுட்டேன். அம்மாகிட்ட "ரொம்ப திட்டினாங்க"ன்னு சொன்னேன். "அழுதாங்களா?" "கண்ணு கலங்கிச்சும்மா." அது பொய் இல்ல. ஆனந்தத்துல கலங்குச்சு.

இதுக்கு நடுவுல எதிர் வீட்டு அக்கா. டெய்லி லிஃப்ட்ல என்ன மேலயும் கீழயும் பாக்கும். வெள்ளிக்கெழம பேசியே விட்டுச்சு.

"தம்பி, உங்கம்மா நாலு நாள் பத்லின்னு தான் வந்துச்சு, தெரியும்ல?"

"தெரியும்கா."

"நீ எத்தன நாள்?"

"ரெண்டு வாரம்கா."

"ரெண்டு வாரமா..." சிரிச்சுச்சு. "நாலு நாளுக்கே நான் எதிர் வீட்ல இருக்கேன். ரெண்டு வாரத்துக்கு உங்கம்மா எந்த வீட்ல இருக்குமோ."

அது வரைக்கும் இது ஒரு காமெடி தான் எனக்கு.

சனிக்கெழம நான் கெளம்பற நேரம். பாப்பா என் கால கட்டிகிட்டு "போல்டு, போல்டு"ன்னு அழுவுது. மேடம் வந்து நின்னாங்க.

"தம்பி, உங்க ஜாயினிங் எப்பங்க?"

"தெரியல மேடம். தள்ளிட்டே போகுது."

"அப்ப ஒன்னு பண்ணலாமுங்களா? அது வர்ற வரைக்கும் நீங்களே வாங்க. அக்காவுக்கும் வயசாகுது, கை வேற இப்பிடி வீங்கி கெடக்கு. அவங்க நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். பாப்பாவும் உங்ககிட்ட தான் சாப்படறா."

ரொம்ப பாசமா தான் சொன்னாங்க. அதான் பேஜாரு. கோவமா சொல்லியிருந்தா சண்ட போட்டிருக்கலாம். நான் "ம்"னு சொல்லிட்டு லிஃப்டுக்கு கூட நிக்காம படில எறங்கி ஓடி வந்துட்டேன். ஆறு மாடி.

*

அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு தான் இருந்தேன். ஆனா எனக்கு மூஞ்சி சரி கெடையாது, எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். ஞாயித்துக்கெழம மத்தியானம் சித்தி குடுத்தனுப்பின பிரியாணி இருந்தும் நான் ரெண்டாவது தடவ வாங்கல. அதோட மாட்டிக்கிட்டேன்.

எல்லாத்தையும் கக்கினேன். சாக்லேட் வரைக்கும்.

அம்மா கத்தும்னு நெனச்சேன். கத்தல. "நல்லா தானே செஞ்சிருக்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. அப்புறம் தன் மணிக்கட்ட திருப்பி திருப்பி பாத்துச்சு. எனக்கு அந்த செருப்பாலயே அடி வாங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

திங்கக்கெழம காலைல நான் எழுந்தப்ப அம்மா பொடவ கட்டி ரெடி. ஊக்கு குத்த முடியாம பக்கத்து வீட்ல குத்திகிட்டு வந்திருக்கு.

"எங்கம்மா?"

"வேலைக்கு."

"டாக்டர் ரெண்டு வாரம்னாரு. ஒரு வாரம் தான் ஆச்சு."

"டாக்டர் வீடு போகாதுல்ல."

செருப்பு மாட்டவே பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல போற எடத்துக்கு முக்கா மணி நேரம் நடந்துச்சு. ஆட்டோ கூப்ட்டா "நான் நல்லா தான் இருக்கேன்"னு மொறைக்கும். நான் பின்னாடியே ஒரு அடி, ஒரு அடியா. ஒரு நாய் எங்கள ஓவர்டேக் பண்ணி, திரும்பி பாத்துட்டு போச்சு.

கேட்டுக்கு போனா செக்யூரிட்டி அண்ணா அம்மாவ பாத்து சிரிச்சாரு. ஆப்ல நம்பர் போட்டாரு. சிரிப்பு நின்னுச்சு.

"அக்கா, உங்க பேரு ஆஃப்ல இருக்குது. அந்த வீட்டுக்கு நானின்னு தம்பி தான் காட்டுது. ஒரு வீட்டுக்கு ஒரு நானி தான் போட முடியும். தம்பிய சேக்கறப்ப உங்களுது தானா ஆஃப் ஆயிடுச்சு."

மேடம் ஒன்னும் பண்ணல. அந்த ஆப் தான். இல்ல, நான் தான், அந்த கேவலமான போட்டோவுக்கு சிரிச்சுகிட்டே நின்னேன்ல. அம்மாவுக்கு அதெல்லாம் ஏறல. "ஆஃப் பண்ணிட்டாங்களா"ன்னு ஒரு தடவ கேட்டுச்சு. அண்ணா அவரோட பிளாஸ்டிக் சேர எடுத்து போட்டாரு. அம்மா அதுல உக்காந்துச்சு. அது யாரு வீட்லயும் வேல நேரத்துல உக்காந்து நான் பாத்ததில்ல.

நான் மேல ஓடினேன். என்ன பேசறதுன்னு ஒரு எழவும் தெரியாது.

கதவு தொறந்து இருந்துச்சு. மேடம் பால்கனில போன்ல பேசிட்டு இருந்தாங்க. குரல் அப்டியே கெணத்துக்குள்ளேந்து வர்ற மாதிரி. "ஆமாங்க... நைட்லேந்து... தொண்ட..." நடுவுல ரெண்டு இருமல். என்ன பாத்ததும் விரல உதட்டுல வெச்சாங்க. அப்புறம் இன்னொரு இருமல், அது கொஞ்சம் ஓவர். "தேங்க்ஸ்ங்க... பாக்கறேனுங்க." கட் பண்ணாங்க. கட் பண்ண அடுத்த செகண்ட் குரல் கணீர்னு வந்துச்சு.

"வாங்க தம்பி! ஆபீசுக்கு சிக் லீவ் போட்டுட்டேன். இன்னிக்கு ஆபீசுக்கே வரோணும்னாங்க, திங்கக்கெழம அந்த டிராஃபிக்க நெனச்சாலே நெசமாலுமே காச்சல் வருது. காபி குடிக்கலாமுங்களா?"

எனக்கு சத்தியமா ஒரு பிளானும் இல்ல. வாய்ல வந்தத கேட்டேன்.

"மேடம், இன்னிக்கு ஆபீசுக்கு உங்களுக்கு பத்லி யாரு போறாங்க?"

"பத்லியா? யாரும் போகலீங்க. எதுக்கு போகோணும்?"

"உங்க வீட்லேந்து யாரையும் அனுப்ப சொல்லலையா? சார... பாப்பாவ..."

அவங்க சிரிச்சாங்க. நான் சிரிக்காதத பாத்து நிறுத்தினாங்க. நான் என் போன எடுத்து ஆஃபர் லெட்டர தொறந்தேன். நாலாவது பக்கம். சிக் லீவு, வருஷத்துக்கு பன்னெண்டு நாள், சம்பளத்தோட.

"மேடம், நான் இன்னும் ஒரு நாள் கூட வேல செய்யல. எனக்கு பன்னெண்டு நாள் இருக்கு. எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னா நான் வர்றேன். நல்லா செஞ்சா அதுக்கு வேல போயிரும், மோசமா செஞ்சா தான் இருக்கும். அதனால தான் மேடம் டப்பா மூடியெல்லாம் மாத்தி போட்டேன்."

"அது நீங்க தானா? நான் காபில மொளகாத்தூள் போட்டேன் தம்பி!"

"சாரி மேடம். அந்த கப்பும் வேணும்னே தான்."

"அதுக்கு சாரி வேண்டாம்." யோசிச்சாங்க. "அக்கா இப்ப எங்க?"

"கீழ கேட்ல, சேர்ல. பேரு ஆஃப்ல இருக்குன்னு உள்ள விடல."

மேடம் செருப்பு கூட போடாம லிஃப்டுக்கு போனாங்க. கேட்ல போயி அந்த அண்ணாகிட்ட ஒரே சவுண்டு. சிக் லீவுல இருக்கற ஆளு மாதிரியே தெரியல. அம்மா பேரு ஆன் ஆச்சு, நான் ஆஃப் ஆனேன். வாழ்க்கைல முதல் தடவ வேல போயி சந்தோஷப்பட்டேன்.

மேல வந்து அம்மாவ சோபாவுல உக்கார வெச்சு மேடம் சொன்னாங்க. "அக்கா, இன்னொரு வாரம் நீங்க வரவே வேண்டாம். சம்பளம் அப்பிடியே வரும். இனி வருசத்துக்கு பன்னெண்டு நாள் சிக் லீவ். சரிங்களா?"

அம்மா பொசுக்குனு எழுந்துருச்சு. "வேணா மேடம்."

"ம்மா!"

"நீ சும்மா இரு. சம்பளத்தோட வீட்ல இருன்னு சொல்லுவாங்க, அப்புறம் வீட்லயே இருன்னு சொல்லுவாங்க. நான் பாக்காததா? எதிர் வீட்டுக்காரி முடியாம படுத்தப்ப நான் வந்து நின்னேன். நான் படுத்தா எவ வந்து நிப்பாளோ."

மேடம் மூஞ்சி செவந்துருச்சு. அன்னிக்கு அந்தக்கா விஷயத்துல முடிவெடுத்தது அவங்க தானே. அது வரைக்கும் யாரும் அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னதில்ல. அம்மாவும் இது மேடத்த பத்தின பேச்சுன்னு நெனச்சு சொல்லல, பொதுவா தான் சொல்லுச்சு.

"சரிங்க்கா. நீங்களே சொல்லுங்க. என்ன பண்ணா நம்புவீங்க?"

அம்மா மேடத்த நேரா பாத்துச்சு. "நான் லீவுன்னா என் எடத்துக்கு யாரும் வரக்கூடாது. இவனும் வரக்கூடாது. பத்லியே கெடையாது. பாத்திரம் சிங்க்ல அப்டியே கெடக்கட்டும். நான் வந்து வெளக்கிக்கறேன்."

"ஒரு வாரத்து பாத்திரமாங்க்கா? பாப்பாவ யாரு பாத்துக்குவாங்க?"

அம்மா ஹால் அந்தப் பக்கம் கைய காட்டுச்சு. வீங்கின கையி, நேரா நீளல, ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. அங்க சார் ஹெட்ஃபோன்ல யாருக்கோ தலையாட்டிட்டு இருந்தாரு.

"சாருக்கும் லீவு இருக்கும்ல மேடம்?"

மேடம் சிரிச்ச சிரிப்புல பாப்பா எழுந்துருச்சு.

அப்புறம் பேரம். உலகத்துலயே இப்டி ஒரு பேரம் நீங்க பாத்திருக்க மாட்டீங்க. மேடம் பன்னெண்டு நாள்ங்கறாங்க, அம்மா ஆறு போதும்ங்குது. "பன்னெண்டு நாள் ஒருத்தி இல்லாமயே வீடு ஓடுச்சுன்னா அவ எதுக்குன்னு தோணிரும் மேடம்." மேடம் பத்துன்னாங்க. அம்மா ஏழு. நான் நடுவுல "ம்மா, மேல கேக்கணும்மா, கீழ இல்ல"ன்னு தலைல அடிச்சுகிட்டேன். எட்டுல முடிஞ்சுச்சு. இப்ப படுத்திருக்கறது இதுல கணக்கு இல்லன்னும் முடிவாச்சு. மேடம் அத வாட்ஸப்ல டைப் பண்ணி அனுப்பினாங்க. அம்மா "இங்கிலீஷ் வேணா, தமிழ்ல போடுங்க"ன்னு சொல்லி, தமிழ்ல வந்தத என்ன ரெண்டு தடவ சத்தமா படிக்க சொல்லுச்சு.

அந்த ஒரு வாரம் சார் ரெண்டு நாள் லீவு போட்டாரு, மேடம் மூணு நாள். டெய்லி அம்மாவுக்கு போன் வரும். குக்கர் கேஸ்கட் எங்கக்கா, பாப்பாவோட மஞ்ச சாக்ஸ் எங்கக்கா. அம்மா எல்லாம் சொல்லும், கடைசில மட்டும் "நான் லீவுல இருக்கேன் மேடம்"னு ஒரு வார்த்த சேத்துக்கும். அத சொல்றதுக்காகவே போன எதிர்பாத்துட்டு உக்காந்திருக்கும்.

அம்மா திரும்ப வேலைக்கு போனதும் எதிர் வீட்டு அக்கா லிஃப்ட்ல கேட்டுச்சாம், "எட்டு நாளாமே, நெஜமா?" ஆறு மாடி போறதுக்குள்ள அம்மா முழுசா சொல்லிருச்சு. மெசேஜயும் ஃபார்வேர்ட் பண்ணிருச்சு. அந்தக்கா அத அவங்க மேடத்துக்கு காட்டி, அவங்க "யோசிக்கறேன்"னு சொல்லியிருக்காங்களாம். இன்னும் யோசிச்சிட்டு தான் இருக்காங்க.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அம்மா ஒரு லீவு கூட எடுக்கல. ஜலதோஷத்தோட போச்சு, கால் சுளுக்கோட போச்சு. "எட்டு இருக்குல்லம்மா"ன்னா "இருக்கட்டும்"னு சொல்லும், பட்டு பொடவைய பீரோல பூட்டி வெச்ச மாதிரி.

இன்னிக்கு காலைல ஆறு மணிக்கு எழுந்து வாந்தி எடுத்துச்சு. நெத்தி கொதிக்குது. நெஜ காய்ச்சல். எழுந்து பொடவைய எடுத்துச்சு, கைல வெச்சுகிட்டே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் மடிச்சு வெச்சிட்டு மேடத்துக்கு போன் போட்டுச்சு. குரல் அதுவா நடுங்குது, ஆனா நம்ப மாட்டாங்களோன்னு மேல ரெண்டு இருமல் சேத்துச்சு. வாந்திக்கு எதுக்குமா இருமறன்னு நான் சைகைல கேட்டேன். கைய ஓங்குச்சு. இப்ப கை நல்லா வருது.

மணி பத்தே கால். அம்மா வாய தொறந்துகிட்டு தூங்குது. அந்த வீட்டுக்கு இன்னிக்கு யாரும் போகல.